சட்டம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரமே நூலகத்தைக் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சட்டம் படிக்க இடம் கிடைத்த பிள்ளைகளின் அம்மா அப்பாமார் சிலர் என்னைத் தேடி வீட்டுக்கு வருவார்கள். நான் கொழும்பில் ஒரு சட்ட நூலகத்தில் பல வருஷம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பது கொட்டகலையில் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, பிள்ளைக்கு என்ன புத்தகம் வாங்கிக் கொடுக்கணும்?" கொழுந்து பறித்த காசையும் சீட்டு எடுத்த காசையும் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். சட்டப் புத்தகம் என்ன விலை விற்கிறது என்பது வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்கள், பிள்ளை முதலில் நூலகத்தைப் பயன்படுத்தப் பழகட்டும், அப்புறம் எது வேண்டும் என்று பிள்ளையே சொல்லும் என்பதுதான் என் பதில். இதை வீட்டு வாசலில் ஒவ்வொருவருக்கும் சொல்வதைவிட உங்கள் பத்திரிகையில் சொன்னால், சட்டம் கற்பிக்கிற இடங்களுக்கும் எங்கள் ஊர்ச் சபைகளுக்கும் போய்ச் சேரும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

புது அணி வந்து சேர்ந்ததும் 'நூலக அறிமுகம்' என்று ஒன்று நடக்கும். நான் வேலை செய்த காலத்தில் பிள்ளைகளைக் கூட்டமாக உள்ளே கூட்டி வருவார்கள். பையை வெளியே வைக்க வேண்டும், போனை மௌனமாக்க வேண்டும், இத்தனை மணிக்குத் திறப்போம், இரவல் இத்தனை நாள், பிந்தினால் தண்டம், இது உசாத்துணைப் பகுதி, இங்கே உள்ளதை வெளியே கொண்டுபோக முடியாது. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். இராக்கையில் இருக்கிற ஒரு தொகுதியைக்கூட யாரும் திறந்து காட்டியிருக்க மாட்டார்கள். அதே பிள்ளைகள் அடுத்து உள்ளே வருவது பரீட்சை கிட்டும்போது, கடந்தகால வினாத்தாள் கேட்டு. இடையில் அவர்களுக்குக் கை கொடுப்பது மேல் அணி அண்ணன்மாரின் நோட்ஸ். அதுவும் நகலின் நகலின் நகல்.

இந்த அறிமுகம் எல்லாப் பிள்ளைகளுக்கும் குறைதான். ஆனால் எங்கள் மலையகப் பிள்ளைகளுக்கு அது கூடுதலாகக் குறைகிறது. காரணத்தைச் சொல்கிறேன். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை ஒரு காரியம் கேட்பதற்குப் பழகியது தோட்டத்து ஆபிஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், உள்ளே இருக்கும் ஐயா நிமிர்ந்து பார்க்கும்வரை பேச மாட்டார். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை நூலகத்தின் கவுண்டருக்கு முன்னாலும் அப்படியே வந்து நிற்கும். ஒரு கேள்வி கேட்கும். 'அந்தப் பக்கம் பாருங்க' என்று ஒரு பதில் வந்தால் தலையாட்டிவிட்டுப் போய்விடும். அந்தப் பக்கம் போய்ப் பார்த்து ஒன்றும் கிடைக்காவிட்டால் இரண்டாம் தரம் வந்து கேட்காது. வீட்டில் ஒரு சட்டத்தரணி மாமாவோ பட்டதாரி அக்காவோ இருக்கும் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம் இந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. நூலகத்தில் கேட்பது கெஞ்சிக் கேட்கிற உதவி கிடையாது, கேட்கிறவர்களுக்குத் தேடிக் கொடுக்கத்தான் எங்களுக்குச் சம்பளம். இதை முதல் நாளே, தமிழில், முகம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மஸ்கெலியா பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பிள்ளையை நான் மறக்க மாட்டேன். முதலாம் வருஷம். ஒரு துண்டுத் தாளில் '34 என்.எல்.ஆர். 433' என்று எழுதிக்கொண்டு வந்தாள். என்.எல்.ஆர். என்றால் நியூ லோ ரிப்போர்ட்ஸ், எங்கள் நாட்டு நீதிமன்றத் தீர்ப்புகளின் பழைய வரிசை. எண்பதாம் தொகுதியோடு 1978இல் நின்று, அதற்குப் பிறகு ஸ்ரீ லங்கா லோ ரிப்போர்ட்ஸ் என்று தொடர்கிறது. முன்னால் இருக்கும் எண் தொகுதி, பின்னால் இருக்கும் எண் பக்கம். அதுகூட அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நோட்ஸில் இருந்ததை அப்படியே எழுதிக்கொண்டு வந்திருந்தாள். 34ஆம் தொகுதியை எடுத்துப் பார்த்துவிட்டு, அந்த வழக்கு அதில் இல்லை, புத்தகத்தில் பக்கம் கிழிந்திருக்குமோ என்று என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். இரண்டாம் தரம் கேட்க வந்தாளே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம்.

வழக்கின் பெயர் என்ன என்று கேட்டேன். கோடகன் பிள்ளை எதிர் முதநாயக்க. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலும் அதைத் தொடர்ந்து 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டத்தாலும் வாக்குரிமை இழந்த எங்கள் ஆட்களில் ஒருவர், அன்றைக்கு நமக்கு மேலே இலண்டனில் இருந்த கடைசி மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில்வரை கொண்டுபோன வழக்கு. சரி, உட்கார் என்றேன். பக்கத்தில் இருந்த 39ஆம் தொகுதியை எடுத்து 193ஆம் பக்கத்தைத் திறந்தேன். அது பிரேஸ்கேர்டில் வழக்கு. அவுஸ்திரேலியாவிலிருந்து மடுல்கலையில் ரெலுகஸ் தோட்டத்துக்குச் சின்னத்துரை வேலை பழக வந்த ஓர் இளைஞர், தொழிலாளர் பக்கம் நின்று பேசினார் என்று ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். அந்தக் கட்டளை செல்லாது என்று உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆண்டு 1937. "39ஆம் தொகுதி 1937 என்றால் 34 எப்போது?" என்று கேட்டேன். அதற்கு முந்தி என்றாள். "1948இல் வந்த சட்டத்தைப் பற்றிய வழக்கு அதற்கு முந்திய தொகுதியில் எப்படி இருக்கும்?" அவளே சிரித்துவிட்டாள். நகலுக்கு நகல் மங்கி 54 என்பது 34 ஆகிப் போயிருந்தது. அந்த நோட்ஸை வைத்து எத்தனை பிள்ளைகள் விடைத்தாளில் 34 என்று எழுதியிருப்பார்களோ தெரியாது.

அப்புறம் தொகுதிகளின் முன்பக்கத்தில் இருக்கும் வழக்குப் பெயர்ப் பட்டியலைக் காட்டினேன். எண் தெரியாவிட்டாலும் பெயரை வைத்துத் தேடலாம். 54ஆம் தொகுதி 433ஆம் பக்கத்தில் 1953ஆம் ஆண்டுப் பிரிவி கவுன்சில் தீர்ப்பு கிடைத்தது. அங்கேயிருந்து ஒரு தொகுதி பின்னால் போனால் 53இன் 25ஆம் பக்கத்தில் அதற்கு முந்திய உயர் நீதிமன்றத் தீர்ப்பும் இருக்கிறது. அதில் பெயர் முதநாயக்க எதிர் சிவஞானசுந்தரம். ருவன்வெல்லத் தொகுதி வாக்காளர் இடாப்பில் பெயரைச் சேர்க்கலாம் என்று சொன்ன அதிகாரியின் முடிவை உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது, அந்த மனிதர் இங்கிலாந்துக்கு மேன்முறையீடு செய்தார், அங்கேயும் தோற்றார். ஒரே மனிதரின் விவகாரம் இரண்டு தொகுதிகளில் இரண்டு பெயர்களில் கிடக்கிறது. இதை நோட்ஸில் படித்தால் ஒரு வரி. புத்தகத்தில் தேடிக் கண்டுபிடித்த பிள்ளைக்கு மேன்முறையீடு என்றால் என்ன என்பது கையாலேயே விளங்கிவிடும்.

தீர்ப்புக்கு மேலே சின்ன எழுத்தில் இருக்கும் தலைக்குறிப்பையும் காட்டினேன். பிள்ளைகள் அதை மட்டும் எழுதிக்கொண்டு எழும்பிவிடுவார்கள். அதை எழுதியவர் அறிக்கையாளர், நீதியரசர் இல்லை. எந்தச் சட்டத்தரணி யாருக்காக வந்தார், என்ன வாதாடினார், நீதியரசர்கள் எத்தனை பேர், எல்லோரும் ஒத்துப்போனார்களா என்பதையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவள் அன்று மாலை நூலகம் மூடும்வரை அந்த மேசையிலிருந்து எழும்பவே இல்லை. மணியடிக்க வேண்டியிருந்தது.

அதோடு வேலை முடிந்துவிடாது. தேடல் என்று நான் சொல்வதில் பாதி இதற்குப் பிறகுதான் இருக்கிறது. அந்த வழக்கு சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவை, அதாவது ஓர் இனத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் இயற்றக்கூடாது என்ற பிரிவை, வைத்து நடந்தது. அந்த அரசியலமைப்பு 1972இல் போய்விட்டது, அதற்கு அடுத்ததும் 1978இல் போய்விட்டது. குடியுரிமை விஷயத்தில் 1980களில் வேறு சட்டங்கள் வந்தன. கடைசியில் 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழி வந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுத்தது. 1953 தீர்ப்பை மட்டும் கண்டுபிடித்துவிட்டு நின்ற பிள்ளைக்குத் தன் அப்பாவின் இன்றைய நிலைமை தெரியாது. ஒரு தீர்ப்பைக் கையில் எடுத்தால் அது இன்றும் நிற்கிறதா, பிறகு வந்த நீதிமன்றங்கள் அதைப் பின்பற்றினவா, வேறுபடுத்தினவா, ஒதுக்கினவா என்று முன்னோக்கித் தேடிவர வேண்டும். ஒரு சட்டத்தைக் கையில் எடுத்தால் அதன் திருத்தங்களைத் தேடி முடிக்கும்வரை பேனாவை எடுக்கக்கூடாது.

இதற்கு நம் ஊர்க் கதை ஒன்றும் இருக்கிறது. டிக்கோயா பக்கம் ஒரு தோட்டத்து இளைஞர்கள் தங்கள் லயப் பகுதியில் ஒரு வாசிகசாலை வேண்டும் என்று ஓர் அலுவலகத்துக்குப் போனார்கள். 'தோட்டத்துக்குள்ள சபை காசு போட முடியாது தம்பி, சட்டத்தில் இடமில்லை' என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பையன் திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறவன். அவன் 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தைப் போனில் இறக்கி 33ஆம் பிரிவைப் படித்துவிட்டு, அவர்கள் சொன்னது சரிதான் போல என்று சோர்ந்துபோய் என்னிடம் வந்தான். "நீ வைத்திருப்பது 1987. அதுக்குப் பிறகு?" என்று கேட்டேன். அதுக்குப் பிறகு என்ற கேள்வியே அவனுக்கு வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை. நாடாளுமன்ற இணையத்தளத்தில் சட்டங்கள் ஆண்டுவாரியாக இருக்கின்றன. ஒவ்வொரு ஆண்டாக இறங்கி 'பிரதேச சபைகள் (திருத்தம்)' என்று தேடச் சொன்னேன். 2018இல் கிடைத்தது. தோட்டங்களுக்கும் பிரதேச சபை சேவை செய்வதற்கு வழி விடுவதற்காகவே அந்த 33ஆம் பிரிவு திருத்தப்பட்டிருக்கிறது. அதற்காக எத்தனை வருஷம் நம் ஆட்கள் கேட்டார்கள் என்பது உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். அவன் அதை அச்செடுத்துக்கொண்டு மறுபடி போனான். வாசிகசாலை இன்னும் எழும்பவில்லை, ஆனால் விண்ணப்பத்தை இந்தத் தடவை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

நம் ஆட்களின் சம்பளக் கணக்கும் அப்படித்தான். சம்பள நிர்ணய சபைக் கட்டளைச் சட்டம் 1941ஆம் ஆண்டுக்குரியது. அதை அட்டை முதல் அட்டைவரை படித்தாலும் தேயிலைத் தொழிலாளிக்கு இன்றைக்கு எவ்வளவு நாட்சம்பளம் என்று அதில் இருக்காது. 2021 மார்ச்சில் வந்த ஆயிரம் ரூபாவும், 2024 செப்டெம்பரில் வந்த 1,350 ரூபாவும் அதிவிசேட வர்த்தமானியில் வந்தவை. வர்த்தமானியைத் தேடத் தெரியாத சட்ட மாணவன் தன் சொந்த அம்மாவின் சம்பளத்துக்குச் சட்டத்தில் என்ன ஆதாரம் என்று காட்ட முடியாமல் நிற்பான். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அவை மூன்று மொழியிலும் போடப்படுகின்றன. திகதியும் இலக்கமும் தெரிந்தால் நிமிஷத்தில் எடுக்கலாம். அதை ஒரு தரம் பக்கத்தில் இருந்து செய்து காட்டினால் போதும்.

பழைய தீர்ப்புகளில் இன்னொரு சிக்கல். தண்டனைச் சட்டக் கோவையை இன்று 1883ஆம் ஆண்டு 2ஆம் இலக்கம் என்கிறோம். ஐம்பதுகளுக்குப் பிந்திய தீர்ப்பு ஒன்றில் அதே கோவை 'அத்தியாயம் 19' என்று வரும், 1956ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அது அத்தியாயம் 19 என்பதால். இது தெரியாத பிள்ளை அத்தியாயம் 19 என்று ஏதோ ஒரு புத்தகத்தைத் தேடி அலையும். நூலகத்தில் இருப்பவருக்கு இது ஒரு நிமிஷ விஷயம்.

மலையகப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியை இங்கே சொல்லியாக வேண்டும். கண்டியில் பிறந்தோம், தமிழர், அப்படியானால் எங்களுக்குக் கண்டியச் சட்டமா, தேசவழமையா என்று குழம்புவார்கள். கண்டியச் சட்டம் கண்டியச் சிங்களவருக்குரியது. தேசவழமை வட மாகாணத்துத் தமிழருக்குரியது. நமக்கு இரண்டும் இல்லை, பொதுச் சட்டம்தான். கலியாணத்துக்கு 1907ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம், சொத்துப் பங்கீட்டுக்கு 1876ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். தனியாள் சட்டம் பற்றிய பாடநூல்களில் பெரும்பகுதி மற்றவர்களைப் பற்றியே இருப்பதால் நம் பிள்ளைகள் தங்களுக்குரிய பகுதியைத் தேடியே எடுக்க வேண்டியிருக்கிறது.

இப்போது போன் வந்துவிட்டதே, நூலகம் எதற்கு என்று கேட்கிறார்கள். போனை நான் குறை சொல்ல மாட்டேன். மேலே சொன்ன பையன் தேடியதும் போனில்தான். உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் புதிய தீர்ப்புகளைத் தங்கள் தளங்களில் போடுகின்றன, கொமன்லீ என்ற இலவசத் தளத்திலும் இலங்கைச் சட்டங்களும் தீர்ப்புகளும் இருக்கின்றன. எந்தத் திகதிவரை அங்கே திருத்தம் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்க்கப் பழகினால் போதும். நான் பயப்படுவது சட் ஜிபிடி போன்றவற்றிடம் ஒரு கேள்வி கேட்டு, வருகிற வழக்குப் பெயரை அப்படியே ஒப்படையில் எழுதுவதைப் பார்த்துத்தான். 2023இல் நியூயோர்க்கில் சட்டத்தரணிகள் அப்படி எடுத்த வழக்குகளை நீதிமன்றத்தில் சமர்ப்பித்தார்கள். அப்படி வழக்குகளே இல்லை. நீதிபதி 5,000 டொலர் தண்டம் போட்டார். பெயரும் தொகுதியும் பக்கமும் பார்வைக்குச் சரியாகவே இருக்கும், தொகுதியைத் திறந்து பார்க்கிறவனுக்கு மட்டும்தான் உண்மை தெரியும். என் காலத்தில் மங்கிய நகல் 54ஐ 34 ஆக்கியது. அப்போதும் எங்கேயோ ஓர் உண்மையான வழக்கு இருந்தது. இப்போது வருகிற ஆபத்து அதைவிடப் பெரியது, ஆகவே திறந்து பார்க்கும் பழக்கமும் முன்பைவிட அதிகமாக வேண்டும்.

ஆங்கிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் தோற்கடித்தது. தமிழில் எழுதலாம் என்பதில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் நான் சொன்ன அந்தத் தொகுதிகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழில் உயர்தரம் படித்து வந்த பிள்ளை ஒரு பிரிவி கவுன்சில் தீர்ப்பின் முதல் பந்தியிலேயே நின்றுவிடும். நூலக அறிமுகத்தில் ஒரு நாளை இதற்காகவே ஒதுக்க வேண்டும். ஒரு தீர்ப்பை எடுத்து, தமிழில் விளக்கிக்கொண்டே, ஆங்கிலத்தில் வரிவரியாகப் படிக்க வேண்டும். நான் பார்த்த மட்டில் முழுத் தீர்ப்பு ஒன்றை இப்படி முடித்த பிள்ளை அடுத்ததற்கு அகராதியை எடுத்துக்கொண்டு தானாகவே போய் உட்கார்ந்துவிடுகிறது. சட்டங்களைத் தமிழிலேயே முதலில் படிக்கலாம். அரசியலமைப்பின்படி சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் வெளியிடப்பட வேண்டும். முரண்பாடு இருந்தால் எந்தப் பிரதி மேலோங்கும் என்று அந்தந்தச் சட்டத்திலேயே பார்க்க வேண்டும், இப்போது வரும் சட்டங்களில் பெரும்பாலும் அது சிங்களப் பிரதிதான் என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சட்டம் கற்பிக்கும் இடங்களிடம் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. முதல் வாரத்தில் விரிவுரைகளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பிள்ளைகளைப் பத்துப் பன்னிரண்டு பேராகப் பிரித்து நூலகத்துக்கு அனுப்புங்கள். ஒவ்வொருவருக்கும் தன் ஊரோடு சம்பந்தப்பட்ட ஒரு வழக்கைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். மலையகப் பிள்ளைக்குப் பிரேஸ்கேர்டிலைக் கொடுங்கள், கோடகன் பிள்ளையைக் கொடுங்கள். ஒரு சட்டத்தையும் கொடுத்து இன்றைய நிலைமை என்ன என்று கேளுங்கள். 1983ஆம் ஆண்டு 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் நல்ல பயிற்சி. நாட்சம்பளத் தொழிலாளிக்கு வருஷத்துக்குப் பதினான்கு நாட் சம்பளம் என்பது அதில் இருக்கிறது, பதினைந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமென்றால் அந்தச் சட்டத்தின் கீழ் கேட்க முடியாது என்பதும் இருக்கிறது. அப்படியானால் எங்கே போவது என்ற கேள்வி பிள்ளையைத் தொழில் நியாய சபைக்கும் 1950ஆம் ஆண்டுக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கும் தானாகவே இழுத்துக்கொண்டு போகும். விடையை நூலகர் பார்த்துத் திருத்தட்டும், அதற்குப் புள்ளியும் கொடுங்கள். புள்ளி இல்லாத வேலையைப் பிள்ளைகள் செய்ய மாட்டார்கள், அவர்கள்மேல் குறை சொல்லிப் பயனில்லை. காசு கட்டி எடுத்திருக்கும் ஆங்கிலத் தரவுத்தளங்களுக்கு வீட்டிலிருந்து நுழைவதற்கான கடவுச்சொல்லையும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். சில இடங்களில் மூன்றாம் வருஷம்வரை அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் பிள்ளைகள் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மலையகத்திலிருந்து தொலைக்கல்வியில் சட்டம் படிப்பவர்களின் நிலைமை இன்னும் கஷ்டம். திறந்த பல்கலைக்கழகத்தின் கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் இருக்கிறது. மஸ்கெலியாவிலிருந்தோ போகவந்தலாவையிலிருந்தோ அங்கே போய் வருவதற்கே ஒரு நாள் போய்விடும். தோட்டத்திலோ கடையிலோ வேலை செய்துகொண்டு படிக்கிறவர்களுக்கு அந்த ஒரு நாள் ஒரு நாட்சம்பளம். பேராதனைப் பல்கலைக்கழக நூலகம் நாட்டில் அச்சாகும் நூல்களின் சட்டபூர்வப் பிரதி பெறும் நூலகங்களில் ஒன்று. அங்கே இருப்பதை நம் பிள்ளைகள் பார்க்க வேண்டுமென்றால் யாராவது ஒரு கடிதம் கொடுத்து அனுப்பிவைக்க வேண்டும். அந்தக் கடிதம் எப்படி எழுதுவது என்பதைக்கூட முதல் வாரத்தில் சொல்லித் தரலாம்.

அதற்கும் முன்னால் நம் ஊர் நூலகங்கள் செய்யக்கூடியது இருக்கிறது. பொது நூலகங்கள் உள்ளூராட்சிச் சபைகளின் கையில் இருக்கின்றன. ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை, எங்கேயாவது ஒரு இராக்கையைச் சட்டத்துக்கு ஒதுக்குங்கள். தமிழில் அரசியலமைப்பு, தண்டனைச் சட்டக் கோவை, 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம், தொழிற்சட்டங்கள், 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இவற்றை அரசாங்க வெளியீட்டுப் பணியகத்தில் கேட்டு வாங்கலாம், ஆங்கிலப் பாடநூல்களின் விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஒரு கணினி, ஓர் அச்சுப்பொறி. ஓய்வுபெற்ற சட்டத்தரணிகள் தங்கள் அலுவலக அலுமாரியில் பூச்சி அரிக்க விட்டிருக்கும் பழைய தொகுதிகளை அந்த இராக்கைக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது. சட்ட மாணவர்கள் மட்டும் வந்து பார்க்கப்போவதில்லை. பணிக்கொடை கிடைக்காத ஆத்தாவும், லயத்தைவிட்டு எழும்பச் சொல்லிக் கடிதம் வந்த அண்ணனும் வருவார்கள். ஹட்டனில் அப்படி ஓர் இராக்கை அமைந்தால் சனிக்கிழமைகளில் காலையில் வந்து பிள்ளைகளோடு உட்கார நான் தயார். சம்பளம் வேண்டாம், பஸ் காசும் வேண்டாம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள், ஐயா. நீதிமன்றச் செய்திகளை நீங்கள் நன்றாகத்தான் போடுகிறீர்கள், எங்கள் பக்கத்தில் பெரிசுகள் முதலில் படிப்பதே அதைத்தான். ஆனால் 'உயர் நீதிமன்றம் நேற்றுத் தீர்ப்பளித்தது' என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. செய்தியின் அடியில் ஒரே ஒரு வரி, வழக்கு இலக்கமும் தீர்ப்புத் திகதியும், சேர்த்துப் போடுங்கள். அந்த இலக்கம் இருந்தால் போதும், போகவந்தலாவையில் இருக்கிற ஒரு பிள்ளை அன்றைக்கு மாலையே உயர் நீதிமன்றத் தளத்தில் முழுத் தீர்ப்பையும் எடுத்துவிடும். உங்கள் நீதிமன்ற நிருபர்களிடம் அந்த இலக்கம் எப்படியும் இருக்கும். அடுத்த வாரமே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சட்ட நூலக உதவியாளர் ஒருவர்,
கொட்டகலை.